நைட் ஹால்ட்டில் பேசிய சோசலிசம்

முதல் நாள்

திருப்பத்தூரிலிருந்து காவலூர் வழியாக மலைக்குள் போகும் வண்டியில் எனக்குக் கண்டக்டர் டூட்டி போட்டபோது, டிப்போவில் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அது நைட் ஹால்ட் வண்டி. சாயங்காலம் மேலே போய்க் கடைசி ஊரில் நிற்கும். விடிந்ததும் முதல் டிரிப் கீழே இறங்கும். ஆட்கள் இறங்கிப் போய்விட்டால் அந்த ஊரில் கண்டக்டருக்கு டிரைவரும் டிரைவருக்குக் கண்டக்டரும்தான் துணை. இருந்த ஒரே டீக்கடையும் இருட்டுவதற்குள் மூடிவிடும்.

டிரைவர் ஏழுமலை அண்ணன் செங்கத்துக்காரர். இளவயதிலிருந்தே சிவப்புக் கொடி யூனியன். நான் பெயருக்குச் சந்தா கட்டுகிறவன், கூட்டத்துக்குப் போகமாட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

“சேகரு, நம்ம ஸ்டேட்டு இவ்ளோ வேகமா வளருதே, சோசலிசத்தப் பாத்துப் போவுதா, வேற எங்கனா போவுதா? நீ இன்னா சொல்றே?”

“நல்லாத்தானே போவுதுண்ணே” என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். அன்று தொடங்கிய சண்டை பல வருஷம் நடந்தது.

ஃப்ரீ டிக்கெட்

பெண்களுக்கு இலவசப் பயணம் முதலில் டவுன் பஸ்ஸுக்குத்தான் வந்தது. மலை வண்டிக்குத் தாமதமாக வந்தது. அதுவரை புருஷனோடு மட்டும் ஏறிய பெண்கள் தனியாக ஏறினார்கள். எனக்கு ஒரே பெருமை. ஒருநாள் காலையில் அண்ணன் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன்.

“ரேஷன் அரிசி, இஸ்கூல்ல காலைச் சாப்பாடு, இப்ப பஸ்ஸு. இது சோசலிசம் இல்லாம இன்னாண்ணே?”

“இந்தப் பொண்ணுங்க எங்க போவுதுங்க? கீழ ஷூ கம்பெனிக்கு. மொதலாளிக்கு வேண்டிய ஆள அரசாங்கச் செலவுல நாம கொண்டும்போய் வுடறோம். குடுக்கறது வேற, சோசலிசம் வேற. கம்பெனி யாருதுன்னு கேளு.”

முன்சீட்டில் இருந்த சென்னம்மா அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்தாள்.

“யாருதா இருந்தா எனுக்கு இன்னாண்ணே? முன்ன புள்ளைங்கள வுட்டுட்டு வெளியூரு காப்பித் தோட்டத்துல மாசக்கணக்கா கெடந்தோம். இப்ப பொழுதுபோனா புள்ளைங்ககிட்ட வந்துர்றேன்” என்றாள். நான் அண்ணனை வெற்றியோடு பார்த்தேன்.

“ஆனா அங்க நின்னுக்கினே வேலை. காலு வீங்கிப் போவுது. குந்த வுட மாட்டான்” என்றாள் அவளே.

இப்போது அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

காலியான இடம்

அண்ணன் ரிட்டயர் ஆகி, ஓசூரில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். அவர் இடத்துக்கு நிரந்தர ஆள் போடவில்லை. ஏஜென்சி மூலமாக ஒப்பந்த டிரைவர்கள் வந்தார்கள். அடிக்கடி ஆள் மாறும். நல்ல பிள்ளைகள்; வண்டியும் நன்றாகவே ஓட்டினார்கள். சாப்பிட்டதும் செல்போனோடு பின்சீட்டில் படுத்துவிடுவார்கள். நான் முன்னால் உட்கார்ந்து, அண்ணன் இதற்கு என்ன சொல்வார் என்று இரண்டு பக்கமும் நானே பேசிப் பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் அலுத்துவிடும்.

பிரபு என்று ஒருவர் வந்தார், கலகலப்பானவர். அவரிடம் ஆசையோடு அதே கேள்வியைக் கேட்டேன்.

“அடுத்த வாரம் எனக்கு டூட்டி இருக்கான்னு மொதல்ல கேட்டுச் சொல்லுங்கண்ணே. பொண்ணு வூட்ல கேக்கறாங்க” என்றார்.

அடுத்த வாரம் வேறு ஆள் வந்தார்.

ஓசூர் போன்

அண்ணனுக்குப் போன் போட்டேன். “நீங்க சொன்னதுதான் சரி. ஏறுறவங்களுக்கு ஃப்ரீ, ஓட்டுறவனுக்கு நாளைக்கு வேலை இருக்கான்னு தெரியல. இது சோசலிசம் இல்லண்ணே” என்றேன். சந்தோஷத்தில் குதிப்பார் என்று நினைத்தேன்.

“ஒரேடியா அப்டி சொல்லாதப்பா” என்றார். “உங்க அண்ணி டெய்லி டவுன் பஸ்ல ஏறி, அவ தங்கச்சி வூட்டுக்குப் போய்ட்டு வர்றா. கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னக் கேக்காம வாசப்படி தாண்டினதில்ல. இப்ப நான்தான் வூட்ல தனியா குந்திக்கினு கீறேன். அது பெரிய மாத்தந்தான்.”

அவர் என் கட்சியும் நான் அவர் கட்சியுமாக இடம் மாறி நின்று, போனில் சிக்னல் போகும்வரை சண்டை போட்டோம்.

நம் மாநிலம் எங்கே போகிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. நாளைக்கும் இதே வண்டி, இதே ஆள் என்ற உறுதி இருந்ததால்தான் நாங்கள் இருவரும் அத்தனை வருஷம் சண்டை போட முடிந்தது. அந்த உறுதி இல்லாதவருக்கு வாக்குவாதம்கூடக் கிடைப்பதில்லை.

போன மாதம் டிப்போ யூனியன் கூட்டத்துக்குப் போனேன். ஒப்பந்த டிரைவர்களையும் உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். கை தூக்கினேன். திரும்பிப் பார்த்தால் வேறு ஒரு கையும் இல்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போகும்வரை நான் கையை இறக்கவில்லை.