லேபிள் உரித்த பாட்டில்கள்

காலை ஆறேகாலுக்கு போன் அடித்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்தான் பேசினாள். வார்டை ஒரு சுற்று பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்த அக்கா அப்படியே போய்விட்டாளாம், மாரடைப்பு. தங்கை அடுப்பை அணைப்பதற்குள் பால் பாதி வழிந்துவிட்டது. லாரி எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவன், சாவியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் இன்றைக்கு உட்காரவும் எழவும் முடிகிறதென்றால் அது அக்கா போட்ட பிச்சை.

அக்கா காய்ச்சல் வார்டு டாக்டர். கல்யாணப் பேச்சை எடுத்தால், வார்டு தன்னைக் கட்டிக்கொண்டுவிட்டது, விவாகரத்தும் தரமாட்டேன் என்கிறது என்பாள். நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் பாட்டில் டாக்டர். மலேரியா முற்றி வந்தவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு கண்ணாடி பாட்டில் கொடுப்பாள். தினமும் காலையில் சிறுநீரை அதில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நிறம் கறுத்தால் போட்டது போட்டபடி ஓடிவர வேண்டும். வாராவாரம் ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஜாம் பாட்டில், ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் வீட்டில் ஊறவைத்து, லேபிளைச் சுரண்டி, அவளே கழுவுவாள். பசை ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் நிறம் கண்ணை ஏமாற்றிவிடும் என்பாள்.

காட்டுப் பாதையில் சரக்கு ஏற்றிப் போய்த் திரும்பிய தங்கையின் கணவன், ஒரு தடவை வலிப்பு வந்து நினைவில்லாமல் கிடந்தான். ரத்தத்தில் எங்கு பார்த்தாலும் மலேரியாக் கிருமி. அக்கா ஊசி மருந்து ஏற்றி அவனை இழுத்துப் பிடித்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது அவனுக்கும் ஒரு பாட்டில்.

"கல்யாணத்துக்கு நான் ஒண்ணும் தரலேன்னு குறைப்பட்டீங்களே மாப்பிள்ளை, இந்தாங்க."

அகல வாய் வைத்த அழகான பாட்டில். அதைப் போய் அந்த வேலைக்குக் கொடுக்கத் தங்கைக்கு மனம் வரவில்லை. புருஷனுக்கு ரத்தம் ஊறட்டும் என்று பீட்ரூட் சாறு அடித்து, அதில் ஊற்றி பிரிட்ஜில் வைத்தாள். சில நாளில் அவனுக்குச் சிறுநீர் சிவந்து போனபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். உள்ளே போன பீட்ரூட்தான் வெளியே வருகிறது என்று நினைத்தார்கள். பரிசோதனைக்குக் கூப்பிட்டால், எமனுக்கே டிமிக்கி கொடுத்தவனை இன்னும் எதற்குக் குத்த வேண்டும் என்று அவன் லாரிக்கு அடியில் புகுந்துகொண்டான்.

பிறகு ஒருநாள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். மூச்சு இரைத்தது. உதடு வெளுத்து, கண் மஞ்சளாகியிருந்தது. தகவல் தெரிந்து ஓடிவந்த அக்கா, அவனுக்குத் தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தவள், தான் கொடுத்த பாட்டிலை வெளியே எடுத்தாள்.

"இது என்னடி?"

"பீட்ரூட் சாறுக்கா."

"அவருக்குப் போறதும் இந்தக் கலர்தானா?"

தங்கை தலையாட்டினாள். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வார்டில் இருந்த இளம் டாக்டர் மலேரியா திரும்பிவிட்டது போலிருக்கிறது, ஊசியை மறுபடி தொடங்கலாம் என்றார். அக்கா ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். அவரையும் பார்க்கச் சொன்னாள். ஒரு கிருமிகூட இல்லை. ஆனாலும் ரத்த அணுக்கள் உடைந்துகொண்டே இருந்தன. ஊசி வேண்டாம், மாற்று ரத்தம் ஏற்றிவிட்டு, சிறுநீரகத்தைக் கவனித்துக்கொண்டு காத்திருப்போம் என்றாள்.

காத்திருப்பதா? தங்கைக்குத் தாங்கவில்லை.

"கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறியே, உன் புருஷனா இருந்தா இப்படி நிப்பியா?"

"நிக்கமாட்டேன். இப்படித்தான் உக்காந்திருப்பேன்" என்று அக்கா கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அப்புறம்தான் தங்கையைக் கூட்டிப் போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னாள். வெளிர்சிவப்பில் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. மருந்து, கிருமியை அணுவுக்குள்ளேயே கொன்றுவிடுகிறது. மண்ணீரல் அந்தச் செத்த கிருமியை மட்டும் பிதுக்கி எடுத்துவிட்டு, அணுவைக் கிழிக்காமல் மறுபடி ஓட்டத்தில் விட்டுவிடுகிறது என்று அக்கா சொன்னாள். பழத்தை நசுக்காமல் கொட்டையை மட்டும் எடுப்பது மாதிரி. ஆனால் காயம்பட்ட அந்த அணுக்களுக்கு ஆயுசு குறைவு. கிருமி நிறைய இருந்தவர்களில் சிலருக்கு, நோய் போய்ச் சில வாரம் கழித்து, அவை கூட்டமாக உடைந்துபோகும். அபூர்வம்தான்; ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் எல்லோருக்கும் பாட்டில்.

தங்கை கண்ணை எடுக்கவில்லை. தன் புருஷனின் விலாவுக்குள், அவன் தூங்கும்போதும் லாரி ஓட்டும்போதும், இத்தனை நுணுக்கமாக ஒரு கை வேலை செய்திருக்கிறது. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"எத்தனை வருஷமா இதப் பாக்கிற, அலுக்கலியாக்கா?"

"அலுக்கிற அளவுக்கு இன்னும் புரியலடி."

சொட்டுச் சொட்டாக ரத்தம் ஏறியது. அக்கா வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கிடந்தாள். சிறுநீரின் கறுத்த காபி நிறம் தேநீராகி, தேநீர் வைக்கோல் நிறமாகத் தெளிந்த காலையில், அவள் பாட்டிலை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். வெயில் அதன் வழியே வந்து சுவரில் விழுந்தது. மூன்று பேரும் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பீட்ரூட்ட விட இது அழகா இருக்குல்ல மாப்பிள்ளை?" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு வாரப் பரிசோதனைக்கு வராதவர்களைத் தேடிப் போய் லாரியில் ஏற்றிவரும் வேலையை அவன் தானாக எடுத்துக்கொண்டான்.

அடக்கம் முடிந்த மறுநாள் இருவரும் அக்காவின் வீட்டைத் திறந்தார்கள். சமையலறை மேடையில் கழுவிய பாட்டில்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தொட்டியில் ஒன்று மட்டும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அதன் லேபிள் பாதிதான் சுரண்டப்பட்டிருந்தது.