உள்ளேயும் ஒரு பொட்டு

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மூன்று கல்லூரிகள் கூட்டுச் சேர்ந்து ஒரு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வாங்கிப் போட்டிருக்கின்றன. மூன்று பேருக்குப் பொதுவான பொருளுக்கு என்ன கதி வரும் என்று கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படம் எடுக்க எல்லாரும் வருவார்கள்; துடைக்க ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் ஜெபஸ்டின்.

அச்சன்புதூர்க்காரர். டிப்ளமோ முடித்து, செங்கோட்டையில் ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரஸர்களோடு வெகு காலம் மல்லுக்கட்டியவர். சத்தத்தை வைத்தே பம்பின் கோளாறைச் சொல்லும் காது அங்கே வாய்த்தது. மைக்ராஸ்கோப்பும் பாதி பம்ப் சமாசாரம்தான். மாதிரியை வைக்கிற அறையிலிருந்து காற்றைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்தால்தான் படம் விழும். விரலில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்குகூட அதைக் கெடுத்துவிடும் என்பதால், கையுறை இல்லாமல் அவர் அந்தக் கதவைத் தொட்டதே கிடையாது. சாரல் ஈரம் சுவரில் இறங்குகிற ஆனி ஆடியில், யாரும் ஏசியை அணைத்துவிடக் கூடாதென்று மதியச் சாப்பாட்டைக்கூட அறை வாசலில் உட்கார்ந்தே முடிப்பார். அருவியில் குளிக்க வந்த, மிஷின் இருக்கிற கல்லூரியின் தாளாளர் வீட்டு விருந்தாளிகள் ஈரத்தலையோடு வந்து எறும்பு மூஞ்சியைக் காட்டச் சொல்வார்கள். முகம் கோணாமல் காட்டுவார்.

அவருக்குப் பிடித்தது சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியின் மகரந்தம். திரையில் அது முள்ளு முள்ளாக எழுந்து நின்றதை முதன்முதலாகப் பார்த்த அன்று, மனைவி ஷெர்லின் தூங்கிப் போனதுகூடத் தெரியாமல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். வேறு பெருமை எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. பதவி உயர்வு இல்லை, பெயர்ப் பலகையில் பெயர் இல்லை. அந்த அறைச் சாவி தன் இடுப்பில் இருக்கிறது, அது போதும் என்றிருந்தார்.

போன வருஷம் ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் மிஷினின் வெளிப்புறத்தில் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. அவர் பைக்கிலும் போதகர் ஜெபம் பண்ணித் தடவிய எண்ணெய் உண்டு. ஆனால் அன்று தாளாளரே வந்து நின்றார். அந்த உற்சாகத்தில் பொறுப்புப் பேராசிரியர் வல்லிநாயகம் கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளேயும் ஒரு பொட்டு வைத்தால்தான் பூஜை முழுமையாகுமாம். உள்ளே தூசி போகக் கூடாதே சார் என்று ஜெபஸ்டின் இழுத்தார்.

"என்னவே, நம்ம பூசைன்னா ஒமக்கு ஆகாதோ?" என்றார் வல்லிநாயகம், சிரித்துக்கொண்டேதான்.

தாளாளர் சிரித்தார். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். இத்தனை வருஷம் கூடப் பழகியவர்கள் முன்னால் ஜெபஸ்டின் ஒரே நொடியில் வெளியாளாகிப் போனார். கையுறையை மாட்டிக் கதவைத் திறந்துவிட்டார். தட்டோடு நின்ற பாலம்மாள், அங்கே கூட்டிப் பெருக்குகிறவள், தினமும் மிஷினுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டே துடைப்பத்தை எடுப்பவள், பயபக்தியோடு உள்ளே பொட்டு வைத்தாள். ஆசை தீராமல் ஒரு சிட்டிகை குங்குமத்தைத் தூவியும் விட்டாள்.

கூட்டம் கலைந்ததும் ஜெபஸ்டின் துடைத்தார். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் போயிற்று. சில நாள் கழித்துப் பம்ப் கீச்சென்று கத்தி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் அதன் வாயில் இருந்த வலையில் சிவப்புப் பொடி அப்பியிருந்தது. அப்படியே கொண்டுபோய் வல்லிநாயகத்திடம் காட்டினார்.

வல்லிநாயகம் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இத வெளிய சொல்லாதீரும்வே. தாளாளர் முன்னால வச்சது. பாலம்மா பொழப்பும் போயிரும். ஒமக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கிடுதேன்."

ஜெபஸ்டின் நம்பினார். வலையைத் தன் கையாலேயே பளிச்சென்று கழுவி வைத்தார்.

கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். உள்ளே ஏதோ தூள் போய்ப் பம்ப் நாசமாகியிருக்கிறது, பராமரிக்கிறவரின் கவனக்குறைவு என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஜெபஸ்டின் வல்லிநாயகத்தின் முகத்தைப் பார்த்தார். அவர் குனிந்து செல்போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். சாயங்காலம் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் முதல் ஜெபஸ்டினுக்கு ஹாஸ்டலுக்குப் பின்னால் குடிதண்ணீர் சுத்திகரிக்கிற ஷெட்டில் வேலை.

"உள்ளதச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்று ஷெர்லின் கத்தினாள்.

"இனி சொன்னா, வேதக்காரன் தப்பிக்கதுக்குப் பூசையக் குத்தம் சொல்லுதாம்பாங்க. காட்டதுக்குக் கையில என்ன இருக்கு?"

ஜெபஸ்டின் வல்லிநாயகத்தை மனசுக்குள் திட்டாத நாள் இல்லை. அவரைவிட அதிகமாகத் தன்னையே திட்டிக்கொண்டார். ஒரு சிரிப்புக்குப் பயந்து கதவைத் திறந்த கை இதுதானே என்று சில சமயம் தன் கையையே வெறுப்போடு பார்ப்பார். மைக்ராஸ்கோப் அறைப் பக்கம் போவதே இல்லை. புது ஆள் கையுறை போடுகிறானா இல்லையா என்று விசாரிப்பதையும் விட்டுவிட்டார்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பாலம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு ஷெட்டுக்கே வந்தாள். அவரை அங்கே பார்க்க அவளுக்கு நிஜமாகவே வருத்தம். மோட்டாருக்குப் பொட்டு வைத்துக்கொண்டே ஆறுதல் சொன்னாள்.

"விடுங்க அண்ணாச்சி. அன்னைக்கு நான் உள்ள பொட்டு வச்சேம்லா, அதான் அந்த மட்டோட போச்சு. இல்லைன்னா மிஷின் முழுசும் போயிருக்கும். ஒங்களையும் வெளியவே அனுப்பிருப்பாவ."

வலையில் அப்பியிருந்த சிவப்புப் பொடியைப் பற்றிச் சொல்லிவிட ஜெபஸ்டின் வாயெடுத்தார். அவள் முகத்தில் அத்தனை பரிவு. ஆமாக்கா என்று மட்டும் சொன்னார்.

பாலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவிட்ச் பெட்டியைக் காட்டினாள். "இதுக்கும் உள்ள ஒண்ணு வைக்கட்டா?"

ஜெபஸ்டின் மெயினை அணைத்து, பெட்டிக் கதவைத் திறந்துவிட்டு, அவளுக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றார்.