அணியத்தில் பதினாலு பேர்

காலி இடத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ன் புறநகரான நோபல் பார்க்கில் நாங்கள் வீடு எடுத்த புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு த பேசின் பக்கம் மலையடிவாரத்துக்குப் போவோம். சோற்றுப் பெட்டி, பாய், தண்ணீர்க் கலன், மடக்குக் கதிரை, பந்து, மழைக்கோட்டு எல்லாவற்றையும் மனைவி காரின் பின்பெட்டியில் ஒருமுறை அடுக்குவாள். நான் அத்தனையையும் வெளியே இறக்கிவிட்டுத் திரும்ப அடுக்குவேன். "இப்பிடி அடுக்கிக்கொண்டு நிண்டால் அங்க போய்ச் சேரப் பொழுதுபட்டிடும்," என்று அவள் பல்லைக் கடிப்பாள். கடிக்கட்டும். என் அடுக்கில் இன்னொரு கதிரைக்கு இடம் மிஞ்சும்.

அதுதான் என் தொழில். பத்து வருசம் சரக்குக் கப்பல்களில் அலைந்து, இரண்டாம் அதிகாரி வரைக்கும் வந்து, கடல் சலித்துப்போய் மெல்பேர்னில் கரையேறியவன் நான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் வேலை கிடைத்தது. எந்தச் சரக்கை எந்த அறையில் எப்படி அடுக்குவது என்று படம் கீறிக் கொடுக்கவேண்டும். கொள்கலன்கள் வரத் தொடங்கிவிட்டாலும் கம்பளிப் பொதியும் மா மூட்டையும் பழத் தகரமும் இன்னும் பழைய கப்பல்களில்தான் போயின. கனமானது கீழே, நசியக்கூடியது மேலே, முதலில் இறங்குவது வாசலுக்குக் கிட்ட. கப்பலின் உடம்பு வளைவு, பொதியின் உடம்பு சதுரம். ஆகவே மூலைகளில் இடம் வீணாகும். அதிலும் அணியத்தில், கப்பலின் மூக்குப் பக்கத்தில், சொல்லி வேலையில்லை. அந்த வீணடிப்பைக் குறைப்பவன்தான் இந்தத் தொழிலில் கெட்டிக்காரன். நான் கெட்டிக்காரன் என்று மனேஜரே நாலு பேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறார்.

என் படத்தை வாங்கிக்கொண்டுபோய்க் கப்பலில் ஆட்களை வைத்து ஏற்றுவிப்பவர் ஒரு பார்படோஸ்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நெடுவல். அவரும் மாலுமியாக வந்து, இங்கேயே ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டவர். அந்த இடத்தில் கறுப்பு என்று நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் எங்களை அண்ணன் தம்பி என்று பகிடி பண்ணுவார்கள். அவர் மேற்கிந்தியத் தீவு, நான் இலங்கை. இடையில் பாதி உலகம் கிடக்கிறது. ஆனால் மூன்று வருசம் ஒரே வாங்குப் பலகையில் இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டதில் அந்தப் பகிடி பாதி உண்மையாகிவிட்டது. என் மனைவியின் கத்தரிக்காய்க் குழம்புக்கு அவர் அடிமை என்று எழுத வருகிறது. வேண்டாம், அவருக்கு அது மிகவும் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாங்கள் பேசியது ஆங்கிலம். என் காதில் அவர் இன்றைக்கும் எங்கள் ஊர்த் தமிழில்தான் பேசுகிறார், அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய குடும்பத்தில் ஒரு கதை இருந்தது. அடிமையாகப் பிடித்து வரப்பட்ட அவர்களுடைய முதல் தாய், பால் குடிக்கும் பிள்ளையோடு கப்பலில் வந்தாளாம். பிள்ளையும் உயிரோடு கரை சேர்ந்ததாம். அந்தப் பிள்ளையின் வம்சம்தான் இவர்கள். இவருடைய தாய் அதை வேதம்போல நம்பினாள். பார்படோஸில் படிப்பிக்கும் இவருடைய தங்கை நம்பவில்லை. அந்தக் கப்பல்களில் பாற்குழந்தை தப்பியிருக்காது, மனம் ஆறுவதற்குக் கட்டின கதை என்று தாயின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். தாய்க்குக் கண்ணும் தெரியாது, படுக்கையும் ஆகிவிட்டது. அவள் கண்ணை மூடுவதற்கு முன்னால் கதை நடந்திருக்கக்கூடியதா இல்லையா என்று ஒரு பதில் சொல்லவேண்டும் என்பது இவருடைய அவதி. அதற்காக நகர நூலகத்தில் போய் இருந்து தேடி, ஒரு வெள்ளிக்கிழமை ஒரு போட்டோக் கொப்பியை என் முன்னால் விரித்தார். ஆபிரிக்காவில் ஆட்களை ஏற்றிக் கரிபியன் தீவுகளில் விற்ற ஒரு ஆங்கில வணிகக் கப்பலின் உள் அடுக்குப் படம் அது. வரிவரியாக மனிதர்கள் கிடந்தார்கள்.

"நீர் கப்பல் அடுக்கிறவர். பார்த்துச் சொல்லும். கைப்பிள்ளையோட ஒரு பொம்பிளை இதில எங்க கிடந்தால் பிள்ளை பிழைச்சிருக்கும்? அப்பிடி இடமே இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லும், நான் தாங்குவன்."

ஞாயிற்றுக்கிழமை மழை. பயணம் இல்லை. சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்துப் பென்சிலோடு இருந்தேன். முதல் அரை மணித்தியாலம் பார்க்க முடியவில்லை. ஒருவருக்கு ஒதுக்கியிருந்த அகலம் என் தோள் அகலம்கூட இல்லை. இரண்டு தரம் எழும்பி வெளியே போய் மழையைப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. காற்று எங்கே வரும், சூடு எங்கே தேங்கும், அலை அடித்தால் எந்தப் பக்கம் அதிகம் தூக்கிப்போடும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெண்களை ஆண்களிடமிருந்து பிரித்துப் பின்பக்க அறையில் வைத்திருந்தார்கள். அந்த அறைக்கு மேலே மரச்சட்டம் போட்ட ஒரு வாசல் இருந்தது, காற்றும் வெளிச்சமும் நேரே இறங்கும். ஆட்டமும் அங்கே முன்பக்கத்தைவிடக் குறைவு. அந்த வாசலுக்கு நேர்கீழே, சுவரோடு ஒரு இடம். அவள் அதில் கிடந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கலாம். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லமுடியாது. அவருடைய கிழத் தாயே என் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அதோடு படத்தைச் சுருட்டி வைத்திருக்கவேண்டும். நான் வைக்கவில்லை.

மனைவி குசினிக்குள்ளிருந்து வடைத் தட்டோடு வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன, முன்பக்கத்தில புதுசாக் கீறியிருக்கிறியள்?"

"அணியத்தில இடத்தை வீணாக்கியிருக்கிறாங்கள். நேர நேர வைக்காமல் சரிச்சு வைச்சால் இன்னும் பதினாலு போகும்."

"என்ன பதினாலு?"

பென்சில் இன்னும் கையில்தான் இருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்கு அது தொட்டிலில் வந்த பழக்கம் இல்லை, சம்பளத்தோடு வந்த பழக்கம். முன்பக்கத்தில் எப்போது கீறத் தொடங்கினேன் என்றுகூட ஞாபகம் இல்லை.

அவள் தட்டை மெதுவாக வைத்தாள். "உங்கட வீட்டுப் பழைய சீதன உறுதிப் பத்திரத்தில, கிணத்துக்கும் பனைக்கும் பிறகு நாலு அடிமையளின்ர பேரும் எழுதிக் கிடக்கெண்டு நீங்கள்தானே ஒருக்காச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னனீங்கள்."

"அது ஒல்லாந்தர் காலத்துக் கதை. அதுக்கும் இதுக்கும் என்ன? விசர்க்கதை கதையாதையும்," என்று கத்தினேன். பிள்ளைகள் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நான் ஒண்டும் கதைக்கேல்லை," என்றுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை, அதுதான் எனக்கு அவ்வளவு கோபம்.

அழிறப்பரை எடுத்து அழித்தேன். பென்சிலை அழுத்திக் கீறும் கை என்னுடையது. கரி போனது, தாளில் பள்ளம் போகவில்லை. விரலால் தடவினால் பதினாலும் தட்டுப்பட்டது. அவருக்குத் தெரியவராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் பின்பக்க அறையைக் காட்டி, காற்றையும் ஆட்டத்தையும் விளக்கிச் சொன்னேன். அவர் தன் தடித்த விரலை அந்த இடத்தில் வைத்தார்.

"அப்ப நடந்திருக்கலாம்."

"நடந்திருக்கலாம். நிச்சயமா நடந்தது எண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் நடக்கேலாது எண்டு உங்கட தங்கச்சி சொல்லேலாது."

அவர் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. கொப்பியைக் கையில் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் இன்னொருமுறை பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். அவர் தாளைச் சரித்தார், திரும்பவும் சரித்தார்.

"இதென்ன இங்க?"

"அளந்து பார்த்தனான்."

"அளவு இல்லை." அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, முனையைப் படுக்கவைத்து, தாளின் மூக்குப் பக்கத்தை மெல்ல உரசினார். கறுப்புக்குள் என் கோடுகள் வெள்ளையாக எழும்பி வந்தன. நான் பொதி குறிக்கும்போது கோட்டின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி போடுவேன். மூன்று வருசமாக அந்தக் கொக்கியைப் பார்த்துத்தான் அவர் கப்பல் ஏற்றுகிறார். ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பதினாலு," என்றார்.

"கைப்பழக்கம். யோசிக்காமல் கீறிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அடுக்கில பிழை இல்லை. ஏத்தலாம்." கப்பலில் நின்று என் படத்தைச் சரிபார்க்கும் அதே குரல். "தண்ணி?"

"என்ன தண்ணி?"

"பதினாலு பேர் கூடினாலும் தண்ணிப் பீப்பாய் கூடப்போறேல்லை. இருக்கிற தண்ணியை எல்லாருக்கும் குறைப்பினம். அவளுக்கும் குறையும். பால் வத்தும்." விரலைத் திரும்பப் பின்பக்க அறையில் வைத்தார். "நீர் ஏத்தியிருந்தால் இந்தப் பிள்ளை கரைக்கு வராது. என்ர அம்மா இல்லை. நானும் இல்லை."

ஏசியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அவர் ஏசவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "போட்டு வாறன்," என்று வேலைக்குப் போனார்.

அடுத்த கிழமைகளில் என்னால் ஒரு இடத்தில் இருக்கமுடியவில்லை. கந்தோரில் படத்தைக் கீறுவேன், அழிப்பேன், எழும்பி யன்னலுக்குப் போவேன். ஒரு மூலையை வேண்டுமென்றே காலியாக விட்டு அனுப்பி மனேஜரிடம் நல்லாய் வாங்கிக் கட்டினேன். பார்படோஸ்காரர் எப்போதும்போல அதே வாங்கில்தான் வந்து இருந்தார். கொண்டுபோன குழம்பையும் சாப்பிட்டார். கதை மட்டும் காலநிலையைத் தாண்டி நகரவில்லை. வேறு ஒரு சினேகிதன் எனக்கு இந்த நாட்டில் இருக்கவில்லை. இதைத் தொலைத்தால் எனக்கு மிஞ்சுவது வேலையும் வீடும்தான் என்று பயந்தேன். மன்னிப்பை எத்தனை விதமாகக் கேட்பது என்று ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டு போவேன், அவரைக் கண்டதும் மழை வருமா என்று கேட்பேன்.

ஒருநாள் ஒரு கடிதத்தோடு வந்தார். பின்பக்க அறையைப் பற்றித் தங்கைக்கு எழுதியிருக்கிறார், மூக்குப் பக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. தங்கை பதில் போட்டிருந்தாள். அவர் அதை வாசித்தார். தாய் மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம். அந்தப் பிள்ளைக்கு இடம் பார்த்துக் கொடுத்த மனிசனை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும் என்றாளாம். அவனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, இருந்தால் எத்தனை, செபத்தில் சேர்க்கவேண்டும் என்று கேட்டாளாம். வாசித்து முடித்து, வெறுமையான நீல விமானக் கடிதத் தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"ஆசீர்வாதம் உமக்குத்தானே வந்திருக்கு. பதிலை நீர் எழுதும்."

"என்ன எழுத?"

"அதை என்னட்டைக் கேளாதையும்."

நன்றி என்று எழுதினேன். இரண்டு பிள்ளைகள் என்று எழுதினேன். அதோடு கையெழுத்துப் போட்டிருக்கலாம். அவர் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கக்கூட இல்லை. பாதித் தாள் மிச்சம் கிடந்தது. எழுதினேன்: உங்கள் முதல் தாய்க்கு இடம் தேடின அதே கையால், அதே கப்பலின் முன்பக்கத்தில் இன்னும் பதினாலு பேரை நான் ஏற்றினேன். ஒருவரும் என்னை ஏற்றச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யோசிக்கவும் இல்லை. யோசித்தவர் உங்கள் மகன். இதைக் கேட்டபிறகு உங்கள் ஆசீர்வாதத்தை நான் வைத்திருக்கலாமா என்று சொல்லுங்கள்.

அவர் வாசித்தார். தாளை மடித்து ஓரத்தை நக்கி ஒட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "நாளைக்குக் குழம்பு கொண்டு வாரும்," என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.

பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. தங்கைதான் எழுதியிருந்தாள். என் கடிதம் போய்ச் சேர்ந்தபோது தாயை அடக்கம் செய்து மூன்று நாளாம். கடைசி நாள் வரைக்கும் என்னையும் என் இரண்டு பிள்ளைகளையும் அண்ணனுடைய பிள்ளைகளோடு சேர்த்துத்தான் செபித்தாளாம். அண்ணனுடைய பழைய கடிதம் ஒன்றில் தொகை இருந்ததைத் தங்கை பிறகு தேடிக் கண்டு சொன்னாளாம். அவர் அதே வாங்கில் இருந்து, குரலை ஏற்றாமல் இறக்காமல், கடைசி வரியையும் விடாமல் வாசித்தார்.

"உங்கட கடிதத்தைக் கேட்டிருந்தால் அம்மா ஆசீர்வாதத்தைத் திருப்பி எடுத்திருப்பாவோ எண்டு எனக்குத் தெரியாது. நானெண்டால் எடுத்திருப்பன்."