நனையாதவருக்கு வந்த காய்ச்சல்

போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நடந்தேன்... மறுபடி நடந்தேன். உள்ளே, ஆக்சிஜன் மாஸ்க்கோடு என் தங்கை மலரின் கணவர் ரவி.

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நோர்வூட்டில் த்ரீவீலர் ஓட்டுபவர். வீட்டில் எல்லோருக்கும் சளிக்காய்ச்சல் வந்தது. மலரும் பிள்ளைகளும் கொத்தமல்லித் தண்ணீர் குடித்து எழுந்துவிட்டார்கள். இவருக்கு மட்டும் அது நெஞ்சுக்குள் இறங்கி நியூமோனியா ஆகிவிட்டது.

மலருக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

“மழையில நனைஞ்சு கொழுந்து பறிக்கிறவ நானு. எனக்கு ஒண்ணுமில்ல. நனையாம வண்டிக்குள்ள உக்காந்திருந்த மனுசன் மூச்சுக்குத் தவிக்கிறாரே... இது என்ன நியாயம்ணே?”

டாக்டரம்மா வெளியே வந்ததும் ஓடிப்போய் அதையே கேட்டேன்.

“சிகரெட் பிடிப்பாரா?” என்றார் அவர்.

“ஹயர் இல்லாம, சவாரிக்குக் காத்திருக்கிற நேரமெல்லாம்” என்றாள் மலர்.

“மழையில இல்லீங்க விஷயம். சளியையும் கிருமியையும் வெளிய தள்ள மூச்சுக்குழாய்ல சின்னச் சின்ன இழைங்க இருக்கு. புகை அதை முடக்கிருச்சு. கிருமியைப் பிடிக்க வேண்டிய அணுக்களும் புகையோட மல்லுக்கட்டியே ஓய்ஞ்சு போச்சு.”

“விட்டா சரியாகுமா?” என்றேன்.

“கொஞ்சங் கொஞ்சமா. ஆனா இன்னைக்கே விடணும்.”

சிகரெட் என்றால் நாம் புற்றுநோயைத்தான் நினைக்கிறோம். அது என்றைக்கோ, யாருக்கோ வருவது! வீட்டுச் சளியே ஆளைச் சாய்க்கும் என்று யார் நினைத்தோம்?

காய்ச்சல் இறங்கியது. ரவி வீடு வந்தார். ஆனால் சிகரெட் இல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை. கை சட்டைப் பைக்குப் போகும், வெறுமையாய்த் திரும்பும். எழுவார், உட்காருவார், கராம்பு மெல்லுவார், காரணமில்லாமல் மலர்மேல் எரிந்து விழுவார். மலர் விடுவாளா? வட்டியோடு திருப்பிக் கொடுத்தாள்.

நேற்றுதான் மறுபடி வண்டியை எடுத்தார். மனசு கேட்காமல் நானும் தொற்றிக்கொண்டேன். ஹட்டனில் ஒருவர் மஸ்கெலியாவுக்கு ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் சிகரெட்டைப் பற்ற வைத்தார்.

வாசனை முன்னே போயிருக்க வேண்டும். ரவியின் தோள் விறைத்தது. வண்டியை ஓரங்கட்டினார்.

“அண்ணே, அதை அணைச்சிருங்க. இல்லாட்டி இறங்கிருங்க.”

அவர் முறைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

“நல்ல ஹயர் போச்சே மாப்பிள” என்றேன்.

ரவி ஒரு மூச்சை நன்றாக இழுத்து விட்டார்.

“போகட்டும் மச்சான். ஹயர் வேற வரும்.”