நாலாம் நம்பர் கிரேன் ஓட்டிய ஐவி

ஐவி ஸ்டானிஃபோர்த்துக்கு வாய் நீளம். ஹாக்ஸ்லி ஊர்க் கறிக்கடைக்காரன் அவள் தெருமுனையில் வரும்போதே நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைத்துவிடுவான். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஐம்பது வருஷம் வாயைத் திறக்கவில்லை.

போர்க்காலத்தில் அவள் எஃகு ஆலையில் கிரேன் ஓட்டினாள். ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட, பத்தொன்பது வயதுப் பெண் இரும்பு ஏணியில் கூரை வரைக்கும் ஏறி, உருகிய எஃகு தளும்பும் கொப்பரையைக் கீழே நிற்கிறவர்களின் தலைக்கு மேலாக நகர்த்தினாள். கை பிசகினால் ஆள் மிஞ்சமாட்டான். குண்டு போட விமானம் வந்தாலும், கொப்பரை நிறைந்திருந்தால் இறங்கி ஓட முடியாது. அவள் கை ஒருநாளும் பிசகியதில்லை.

போர் முடிந்ததும் ஃபோர்மேன் வந்தார்.

"பட்டாளத்துப் பசங்க திரும்பி வர்றாங்கம்மா. உன் எடத்துக்கு வர்றவனுக்குத் தொழிலக் கத்துக்குடுத்துட்டு வீட்டுக்குக் கெளம்பு."

நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. வந்தவன் வில்ஃப், ஒல்லிக்குச்சி, சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறவன். திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தாள். மறு வருஷம் அவனையே கட்டிக்கொண்டாள்.

வில்ஃப் ஓய்வு பெறும்வரை அந்தக் கிரேனில்தான் இருந்தான். தொழிலாளர் கிளப்பில் பீரும் கையுமாக உட்கார்ந்தால் கிரேன் கதைதான். "ஒம் பொண்டாட்டியும் அங்கதான இருந்தா?" என்று யாராவது கேட்டால், "ஆமா, டீ போட்டுட்டு இருந்தா" என்பான். ஐவி அதைக் காதில் வாங்கியும் விட்டுவிட்டாள். போரிலிருந்து திரும்பியவனுக்குப் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்க மனசு வரவில்லை. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அவளுக்கு எழுபத்தாறு வயதானபோது, ஆலையில் வேலை செய்த பெண்களுக்கு ஊர் நடுவில் வெண்கலச் சிலை வைத்தார்கள். திறந்துவைத்துப் பேச ஐவியை அழைத்தார்கள்.

"என்ன பேசப் போற?" என்றான் வில்ஃப்.

"நடந்தத."

"கிளப்புல நான் தலைகாட்ட வேணாமா ஐவி?"

"காட்டாத. வீட்டுல உக்காந்து டீ போட்டுப் பழகு."

வாய்தான் அப்படிச் சொன்னது. அதன்பிறகு அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

விழா அன்று தூறல். கிளப் ஆட்களோடு வில்ஃப் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். துணியை இழுத்ததும், தலையில் துண்டு கட்டிய இரண்டு வெண்கலப் பெண்கள் தோளில் கைபோட்டு நின்றார்கள். ஐவி மைக்கைப் பிடித்தாள். வில்ஃபின் முகத்தைப் பார்த்தாள். டீ போட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கினால் கிழவன் நிம்மதியாகத் தூங்குவான். ஆனால் அவளோடு ஏணி ஏறிய பெண்களில் பாதிப் பேர் கல்லறைக்குப் போய்விட்டார்கள். அவர்களையும் சேர்த்து டீ போட்டவர்களாக்க அவளுக்கு உரிமையில்லை.

"நான் டீ போடல. நாலாம் நம்பர் கிரேன் ஓட்டினேன். எனக்கப்புறம் வந்த பையனுக்கும் நாந்தான் கத்துக்குடுத்தேன். கெட்டிக்காரன், ரெண்டே வாரத்துல புடிச்சுக்கிட்டான்."

அந்த இரண்டு வாரம் மட்டும் அவனுக்காக அங்கேயே இட்டுக்கட்டியது.

கிளப் ஆட்கள் ஒவ்வொருவராக வில்ஃபின் பக்கம் திரும்பினார்கள். அவன் காது சிவந்துபோனது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான்.

"ரெண்டு வாரமா? ஆறு வாரம்" என்றான். "மொத வாரம் பூரா எனக்கு ஏணி ஏறவே பயம். பின்னாடி நின்னு இவதான் ஏத்திவிட்டா."

கூட்டம் சிரித்தது. வில்ஃப் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றுகொண்டிருந்துவிட்டு, கிளப் ஆட்களைப் பார்த்துச் சொன்னான்:

"அது இவளோட கிரேன்டா."