இடம் மாறி உட்கார்ந்த குடும்பங்கள்

கீழே நான் படங்களுக்குப் பிரேம் போடுகிறேன். மேல்மாடியில் அவர் படம் எடுக்கிறார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘சிரிக்காதே அக்கா’ என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்து மாடிப்படி வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

மற்ற போட்டோக்காரர்கள் எல்லாம் “கொஞ்சம் சிரிங்க” என்பார்கள். இவர் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கணக்கு வாத்தியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “சிரிக்காதீங்க” என்று அதட்டுவார். அதற்கப்புறம் யாரால் சும்மா இருக்க முடியும்? உதட்டைக் கடித்து, அடக்கி, முடியாமல் வெடிப்பதற்கு ஒரு இழை முன்னால் கிளிக் என்று சத்தம் கேட்கும். பாஸ்போர்ட் போட்டோவில்கூட அவரிடம் எடுத்துக்கொண்டவர்கள் மடியில் ஏதோ நல்ல சேதியை ஒளித்து வைத்திருப்பவர்கள் மாதிரிதான் இருப்பார்கள்.

சொந்தமாகக் கடை போடுவதற்கு முன்னால் அவர் வேறொரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஊரார் முகத்திலிருந்து மருவையும் சுருக்கத்தையும் அழித்துக்கொண்டிருந்தார். “மூஞ்சிய இஸ்திரி போடற வேலை” என்பார் அதை. வெறுத்துப்போய்த்தான் என் தலைக்கு மேலே இருந்த அறையை வாடகைக்கு எடுத்தார். பெரிய ஜன்னல் ஒன்று, வெள்ளைத் திரை ஒன்று, ஒரு மர பெஞ்சு, வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளை அட்டை. இவ்வளவுதான் சொத்து.

வேலைக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூட குரூப் போட்டோ, கல்யாணமாகிப் பிரிந்து போகிற அக்கா தங்கைகள், பெரியவர்களை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி நிற்கிற குடும்பங்கள். ஒருநாள் படிக்கட்டில் நின்று பெருமூச்சு விட்டார்.

“எல்லாக் குடும்பமும் ஒரே குடும்பம் மாதிரி இருக்கு தம்பி. தலைய மாத்தி ஒட்டிக் குடுத்தாக்கூட ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க.”

“கண்டுபிடிச்சா என்கிட்ட அனுப்பாதீங்க” என்றேன். சிரித்தார். ஆனால் மனசு அதிலேயே இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

அவருடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஆறடி உயரம், அரைக்கால் வார்த்தை பேசுவார். இரண்டு பெண் குழந்தைகள். ஒரு விடுமுறை நாளில் நல்ல மழை. கரண்டும் இல்லை. குடும்பமே ஸ்டூடியோவில் மாட்டிக்கொண்டது. பொழுது போகாமல் சின்னவள் அப்பாவின் வேலைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பையில் ஸ்குரூ டிரைவரைச் செருகிக்கொண்டு நேராக அலமாரியிடம் போனாள். மூடிய கதவில் காதை வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, “ம்ம்… தட்டுது” என்றாள்.

அவள் அப்பா லிஃப்டை மட்டுமல்ல, வீட்டு ஃபிரிட்ஜையும் அப்படித்தான் கேட்பாராம். ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, பேசாத மனுஷன், பேசாமலேயே எழுந்து பெஞ்சில் தலைகீழாகப் படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்து, ஒரு கையில் போனைப் பிடித்து, இன்னொரு கையால் தலையில் இல்லாத முடியைச் சுருட்டினார். பெரியவள் “அப்பா! நான் அப்படி இல்ல!” என்று கத்தினாள். அச்சு அசலாக அவள் அப்படித்தான்.

பழிக்குப் பழி வாங்க அவள் அம்மாவாக மாறினாள். ஒரு கண்ணை மூடி, தோளைத் தூக்கி, இல்லாத கேமராவைப் பிடித்து, நாக்கு நுனியை வாயோரத்தில் நீட்டினாள்.

“நான் நாக்க நீட்டறேனா?” என்று அக்கா திகைத்துப்போனார்.

“கல்யாணம் ஆனதுலேர்ந்து” என்றார் கணவர்.

“ஏன் சொல்லவே இல்ல?”

“சொன்னா நிறுத்திடுவியே.”

அந்த மழை வெளிச்சத்திலேயே அக்கா மூன்று படங்கள் எடுத்தார். மறுநாள் பிரேம் போட என்னிடம் கொண்டுவந்தபோது இந்தக் கதை முழுவதையும் நடித்துக் காட்டினார். அலமாரியில் காது வைத்த பெண், தலைகீழ் அப்பா, நாக்கு நீட்டிய மகள். மாடிப்படிச் சுவரில் வரிசையாக மாட்டினோம். என் கடைக்கு வருகிறவர்கள்கூடப் படியேறிப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். ஒருவரை இன்னொருவர் கேலி செய்கிற படம் அல்ல அது. இந்தப் பிள்ளை இந்த அப்பாவை எத்தனை நாள் ஒளிந்திருந்து பார்த்திருக்கிறது என்று தோன்றும்.

“எங்களையும் இப்படி எடுப்பீங்களா?” என்று முதலில் கேட்டது எதிர் வரிசை மருந்துக்கடைக்காரர். அவரும் அவர் தம்பியும் இடம் மாறி நின்றார்கள். அதற்குப் பிறகு மாடிப்படி ஓயவில்லை. மாமியாரும் மருமகளும் வந்தார்கள், இரட்டையர்கள் வந்தார்கள், பேரனோடு ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் வந்தார். “நீங்க உங்களா இருக்க வேண்டாம், வீட்ல வேற யாராவதா இருங்க” என்பதுதான் ஏற்பாடு.

கோளாறு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு கணவனும் மனைவியும். அவன் மனைவியாக மாறினான். கையை விரித்து, கீச்சுக் குரலில், “எங்க போனீங்க, ஏன் லேட்டு, யாரு போன்ல?” என்று ஆடிக் காட்டினான். கூட வந்த அவன் நண்பர்கள் தரையைத் தட்டிச் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். ஆனால் அதன்பிறகு அவள் கேமரா பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா லென்ஸை மூடினார். “இன்னிக்கு வெளிச்சம் சரியில்லீங்க. இன்னொரு நாள் பாக்கலாம்.”

“என்னங்க, வெளியில வெயில் கொளுத்துது?”

“உள்ள சரியில்ல.”

அவர்களை அனுப்பிவிட்டு என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். “நான்தான் தம்பி மேடை போட்டுக் குடுத்து அந்தப் பொண்ண அசிங்கப்படுத்திட்டேன்” என்றார். கொஞ்ச நாள் இடம் மாறும் படங்களே எடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம் பழைய மாதிரி வரிசையில் நிற்கச் சொன்னார். கடைசியில் வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார். “லிஃப்ட்ல சத்தம் வந்தா நான் லிஃப்டையே இழுத்து மூடிடறதில்ல. எங்க தட்டுதுன்னு பாப்பேன்.”

எங்கே தட்டுகிறது என்று அக்கா யோசித்தார். நாக்கு நுனி விஷயத்தில் தனக்கு ஏன் வலிக்கவில்லை, அந்தப் பெண்ணுக்கு ஏன் வலித்தது? தன் மகள் தன்னைப் பார்த்திருக்கிறாள். அந்த ஆள் தன் மனைவியைப் பார்த்ததே இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே ஒரு விதி வைத்தார். இனி யாரும் தன்னிஷ்டத்துக்கு நடிக்கக் கூடாது. யாராக மாறுகிறார்களோ அவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். கழுத்தை எப்படிச் சாய்ப்பது, காலை எங்கே வைப்பது, என்ன நினைத்துக்கொண்டிருப்பது. அவர் பார்த்து, “ஆமா, இது நான்தான்” என்று சொன்னால்தான் கிளிக். சொல்லாவிட்டால் படம் இல்லை.

வேலை நாலு பங்கு ஆனது. ஆனால் படங்கள் வேறு தினுசாக வர ஆரம்பித்தன. அம்மா எப்படி ஒரு காலை இன்னொரு பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள் என்பதைக் கற்றுக்கொண்ட காலேஜ் பையன் ஒருவன், “இப்படியேவா நிப்ப? கால் வலிக்காதா?” என்று கேட்டது என் காதிலேயே விழுந்தது. “வலிக்கும்” என்றாள் அவள். அவன் முகம் மாறியதைத்தான் அக்கா எடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பெண்ணும் ஒருநாள் திரும்பி வந்தாள், கணவன் இல்லாமல், தங்கையோடு. அக்கா எதுவும் விசாரிக்கவில்லை. தங்கை அவளாக மாறினாள். “இல்லடி, நான் இன்னும் நிமிந்து நடப்பேன்” என்று அவள் திருத்தினாள்.

அந்த விதிக்கே சோதனை வைத்தது அதற்குப் பிறகு வந்த குடும்பம்தான். ஒரு தாயும் வளர்ந்த மூன்று மகன்களும். தகப்பனார் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டியவர். இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அவர் படம் என்று இருந்தது லைசென்சில் இருப்பது மட்டும்தான். அதில் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருப்பார் என்று மூத்தவன் வருத்தத்தோடு சொன்னான். அப்பாவின் ஜாக்கெட்டை மடித்து ஒரு பையில் கொண்டுவந்திருந்தார்கள். “நாங்க மூணு பேரும் அப்பாவா இருந்து ஆளுக்கொரு படம் எடுத்துக்கறோம்” என்றார்கள்.

“இது அவர்தான்னு யார் சொல்றது?” என்று கேட்டார் அக்கா. “சரி, நீங்க நாலு பேரும் ஒத்துக்கணும். ஒருத்தர் இல்லன்னாலும் எடுக்க மாட்டேன்.”

வெள்ளை அட்டையைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டிருந்தார். அதனால் நானும் அங்கே இருந்தேன்.

மூத்தவன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு ஷூவை மட்டும் கழற்றிவிட்டு, களைத்துப்போய்ச் சுவரைப் பார்த்தான்.

“ரெண்டையும் கழட்டிட்டுத்தான்டா உள்ளயே வருவாரு” என்றான் நடுப்பிள்ளை.

“நீ பொறந்தப்புறம் மாறியிருப்பாரு. ஒரு ஷூவோட அரைமணி நேரம் உக்காந்திருப்பாரு, நான் பாத்திருக்கேன்.”

“நீ பாத்த அப்பா வேற, நான் பாத்த அப்பா வேறயா?”

குரல்கள் ஏறின. நான் அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அப்போது இளையவன், அதுவரை பேசாதவன், ஜன்னலோரம் போய் முழங்கையைத் தூக்கி விளிம்பில் வைத்தான். லாரியின் ஜன்னலில் வைத்து வைத்து, வீட்டிலும் அந்தக் கை ஒரு ஜன்னலைத் தேடுமாம். வெயில் பட்டு அந்த ஒரு கை மட்டும் கறுத்திருக்குமாம். அண்ணன்கள் இருவரும் சண்டையை நிறுத்திவிட்டார்கள். “ஆமா” என்றான் மூத்தவன். “அதுதான்” என்றான் நடுப்பிள்ளை.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சரிதான். ஆனா நீங்க பாத்ததெல்லாம் வீட்டுக்கு வந்த அப்பா” என்றார். “கெளம்பற அப்பாவ நீங்க பாத்ததில்ல. தூங்கிட்டிருப்பீங்க.”

எழுந்து ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். கை விரல்கள் மறைந்துபோயின. அறை வாசலுக்குப் போய், பாதி முதுகைக் காட்டி நின்று, கதவு நிலையில் ஒரு கையை வைத்தார். பிறகு தலையைத் திருப்பித் தரையில் ஓரிடத்தைப் பார்த்தார். அடுத்து வேறோர் இடம். அடுத்து இன்னோர் இடம். உதடு லேசாக அசைந்தது. அங்கே பிள்ளைகள் படுத்திருப்பது எனக்கே தெரிகிற மாதிரி இருந்தது.

“எங்கள எண்ணுவாரா?” என்றான் மூத்தவன்.

“ஒவ்வொரு தடவையும். இருக்கறது மூணு பேரு. என்னமோ முப்பது பேரு மாதிரி எண்ணுவாரு. அப்புறம் சாவியத் தேடுவாரு, கையிலயே வச்சுக்கிட்டு.”

மறுபடி அதே மாதிரி திரும்பி நின்றார். “அப்பாதான்” என்றான் இளையவன். அண்ணன்கள் இருவரும் தலையாட்டினார்கள். அக்கா ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுக்கவில்லை. நாக்கு நுனி வாயோரத்தில் இருந்தது, கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

எத்தனையோ படங்களுக்குக் கண்ணாடி வெட்டியிருக்கிறேன். அந்தப் படத்துக்கு மட்டும் இரண்டு தடவை அளவெடுத்துவிட்டு வெட்டினேன்.

பிறகு நூலகத்துக் கூடத்தில் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைக்க நூலகர் கேட்டார். அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனாலும் ஒவ்வொரு குடும்பத்திடமும் தானே போய்ச் சம்மதம் கேட்டார். லாரிக்காரர் வீட்டு அம்மா மட்டும், “வேண்டாம்மா. அது எங்க வீட்டுக்குள்ள நடந்தது” என்றார். “சரிம்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் அக்கா.

நூலகருக்கு மனசு ஆறவில்லை. “இருக்கறதுலயே அதாங்க நல்ல படம். முகம்கூடச் சரியாத் தெரியல. யாருன்னு யாருக்குத் தெரியப் போகுது?”

“அவங்களுக்குத் தெரியும்ல” என்றார் அக்கா. தான் எடுத்ததிலேயே சிறந்த படம் எது என்று அவருக்குத் தெரியும். அதைத் தவிர மற்றதையெல்லாம் மாட்டினார். அந்த மனசு எனக்கு இருந்திருக்குமா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது.

கண்காட்சிக்குக் கூட்டம் நன்றாகவே வந்தது. லிஃப்ட் கம்பெனி ஆட்கள் தலைகீழாகப் படுத்திருக்கும் தங்கள் மேஸ்திரியைப் பார்த்துவிட்டு, அவரை நேரில் கண்டதும் ஆளாளுக்குத் தலையைத் தலைகீழாகச் சாய்த்துக்கொண்டு வணக்கம் வைத்தார்கள். அந்த அம்மாவும் மூன்று மகன்களோடு வந்து ஒவ்வொரு படத்தையும் நிதானமாகப் பார்த்தார். கிளம்பும்போது இளையவன் அக்காவிடம், “அடுத்து நாங்க அம்மாவா இருக்கணும்” என்றான்.

“நான் சரின்னு சொன்னாத்தான எடுப்பீங்க?” என்றார் அம்மா. “அப்ப இவனுங்க பாடு திண்டாட்டம்தான்.”

அந்தப் படங்கள் இன்னும் எடுத்து முடியவில்லை. இரண்டு முறை வந்து இரண்டு முறையும் மூன்று பேரும் தேறாமல் போயிருக்கிறார்கள்.

இதற்கிடையில் அக்கா புதிதாக ஒன்றை ஆரம்பித்திருக்கிறார். முகமே இல்லாத குடும்பப் படங்கள். உடன்பிறந்தவர்களைப் பெஞ்சில் ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்து முதுகை எடுக்கிறார். போன வாரம் நானும் என் அண்ணனும் தங்கையும் போய் உட்கார்ந்தோம். மூன்று பேருக்கும் இடது தோள் ஒரே மாதிரி சரிந்திருக்கிறது. இத்தனை வயதுக்கு எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. “மூணு சட்டைய ஒரே வளைஞ்ச ஹேங்கர்ல தொங்கவிட்ட மாதிரி இருக்கு” என்றாள் என் மனைவி. அண்ணன் கறுப்பு பிரேம் வேண்டும் என்கிறான், தங்கை மர நிறம் கேட்கிறாள். படம் இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது.