ஊசியை இளைக்க வைத்தவர்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு சுகாதார அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு துணைச் சுகாதார நிலையம். தடுப்பூசிக்கு வருவோர் ஓரிருவரே. ‘பக்கத்து நிலையத்துடன் இணைக்கலாம்’ என்று கோப்பில் குறிப்பு எழுதியவன் நானே. கையெழுத்து அழகாக இருந்தது.

அந்த நிலையத்தின் செவிலியர் நேரில் வந்தார்.

“மூடிட்டா பொம்பளைக பிள்ளையத் தூக்கிக்கிட்டு எம்புட்டுத் தூரம் சார் நடப்பாக? ஆறு மாசம் பொறுங்க. டூரிங் டாக்கீஸ்ல ஒரு பொம்மைப் படம் போட்டுப் பார்ப்போம்.”

கோப்பை நகர்த்தவும் எனக்கு விதி தெரியும், நிறுத்தவும் தெரியும். நிறுத்தினேன்.

விளம்பரப் பிரிவில் கேமரா இரவல் கிடைத்தது. திரையிட்டதும் பணி முடிந்ததாகச் சான்று அனுப்பி, அது போன ஏழு நாளில் கேமராவைத் திருப்பித் தர வேண்டும். வரைய வந்தவர் சினிமா பேனர் ஓவியர். அட்டையில் செவிலியர், தாய், குழந்தை, ஒரு காக்கா என்று வெட்டி, கைகால்களை நூலால் இணைத்தார். தரையில் பரப்பி, மேலே கேமராவைப் பொருத்தி, அட்டைக் கையை நெல்லளவு நகர்த்துவார். கேமராவில் ஒரு சொடுக்கு. மறுபடி நெல்லளவு, மறுபடி சொடுக்கு. ஒரு நிமிடப் படத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சொடுக்குகள். அரசுக் கோப்பின் வேகமும் அதுதான் என்பதால் எனக்கு அலுக்கவில்லை.

படச்சுருள் மதராஸில் கழுவி வந்தது. அதிகாரிகள் பார்த்தார்கள். அரசு முத்திரை தெரிகிறதா என்று மட்டும் சரிபார்த்து ஒப்புதல் தந்தோம்.

கொட்டகையில் இடைவேளையில் ஓட்டினோம். செவிலியர் பொம்மை ஊசியை எடுத்தது. ஊசி குழந்தையைவிட நீளம்.

“ஆத்தி! இது ஊசியா, கடப்பாரையா?” என்றது பெண்கள் பக்கம் ஒரு குரல்.

அடுத்த முகாமுக்கு, வழக்கமாக வரும் இரண்டு பேரும் வரவில்லை.

செவிலியர் ஓவியரிடம் சொன்னார்: “அண்ணே, கதாநாயகன் வாளை என் கையில குடுத்துட்டீகளே!”

“கடைசி வரிசைக்குத் தெரியணும்னு பார்த்தேன் தங்கச்சி. முன் வரிசைல பிள்ளைக உக்காரும்னு தோணல.”

திருத்திப் படமெடுக்கக் கேமரா வேண்டும். இருவரும் என்னைப் பார்த்தார்கள். சான்று இன்னும் அனுப்பப்படாமல் என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. எந்தக் காகிதத்தையும் பத்து நாள் பழுக்க வைப்பது என் வழக்கம். அந்தக் கெட்ட வழக்கத்தால் முதன்முறையாக ஒருவருக்கு நன்மை விளைந்தது. சான்று போகாதவரை பணி முடியவில்லை. கேமரா எங்களிடமே இருக்கலாம்.

ஓவியர் ஊசியை வேப்பிலைக் காம்பு அளவுக்கு வெட்டினார். குழந்தை காக்காவை வேடிக்கை பார்க்கும்போது ஊசி போட்டுவிடுவதாக மாற்றினார். அழுகையை எடுத்துவிடலாம் என்றேன்.

“அழட்டும் சார். பொய் சொன்னா மறுதடவை வர மாட்டாக” என்றார் செவிலியர்.

புதுப்படம் ஓடிய பிறகு நடந்த முகாமுக்குப் பதிவேட்டைச் சரிபார்க்கப் போனேன். வாசல் தாண்டி வரிசை நின்றது. கொட்டகையில் படம் பார்த்த பிள்ளை ஒன்று கையை நீட்ட மறுத்து, “காக்கா எங்க?” என்று அடம்பிடித்தது.

செவிலியர் என்னைக் காட்டி, “இந்தா, சார் கத்துவாக பாரு” என்றார்.

தலைமை எழுத்தர் காக்காவாகக் கத்துவதற்கு விதி ஏதும் இல்லை. கத்தினேன். அதைத் தடுக்கவும் விதி இல்லை என்பதால் மறுபடியும் கத்தினேன்.

என்னை ஒரு முறையாவது உருப்படியாகப் பயன்படுத்திய அந்த இருவருக்கும் இன்றும் நன்றியுடையவன். மறுநாள் ‘இணைக்கலாம்’ என்பதை அடித்து, ‘தொடரலாம்’ என்று எழுதினேன். தொண்டை கட்டியிருந்ததால், அதிகாரி காரணம் கேட்டபோது பதிவேட்டைத் திறந்து காட்டினேன்.